தாமதமாகக் கண்டறியப்பட்ட மார்பகப் புற்றுநோய்: எந்தச் சட்ட வழி யாருக்குப் பொருந்தும்?

மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்று மருத்துவரிடம் சென்ற பெண்ணிடம் ‘வெறும் கொழுப்புக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளை பெற்றவராயின் ‘பால் கட்டிக்கொண்டிருக்கிறது’ என்கிறார்கள். சில மாதங்கள் கழித்து அக்குளில் நெறி கட்டிய பிறகு வேறொரு மருத்துவமனையில் அதே கட்டி மூன்றாம் நிலைப் புற்றுநோய் என்று தெரியவரும்போது, அந்தக் குடும்பத்தின் மீது சிகிச்சையின் சுமையோடு சேர்ந்து இன்னொரு கேள்வியும் விழுகிறது: முதலில் பார்த்தவர்களிடம் கணக்குக் கேட்க வேண்டுமா, வேண்டுமென்றால் எங்கே போய்க் கேட்பது? தமிழ்நாட்டில் நுகர்வோர் ஆணையம், உரிமையியல் நீதிமன்றம், நிரந்தர மக்கள் நீதிமன்றம், உயர் நீதிமன்றம், மருத்துவக் கவுன்சில், காவல் நிலையம் என்று பல வழிகள் திறந்திருக்கின்றன. கோபத்தின் முதல் வேகத்தில் பெரும்பாலோர் நினைப்பது காவல் நிலையத்தைத்தான். இவ்வகை வழக்குக்கு எல்லாவற்றிலும் பலன் குறைந்த வழி அதுவே என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எந்த மன்றத்துக்குப் போனாலும் நிரூபிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மருத்துவர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பது. இரண்டாவது, அதனால்தான் இந்தப் பெண்ணுக்கு இன்ன பாதிப்பு நேர்ந்தது என்பது. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் வழக்குகள் தோற்பது இரண்டாவதில்தான்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். மார்பகக் கட்டிக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை மூன்றடுக்குப் பரிசோதனையாகும்: கையால் தொட்டுப் பார்ப்பது, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அல்லது அல்ட்ராசவுண்ட் எடுப்பது, தேவையெனில் ஊசி மூலம் திசு எடுத்துச் சோதிப்பது. தெளிவாகத் தட்டுப்படும் கட்டி ஒன்று இருக்கும்போது மேமோகிராம் இயல்பாக இருப்பதால் மட்டும் புற்றுநோய் இல்லை என்று ஆகிவிடாது. குறிப்பாக மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும் இளம்பெண்களிடம் கட்டி படத்தில் மறைந்துபோகக்கூடும். மூன்றில் ஒன்று மற்ற இரண்டோடு முரண்பட்டால் திசுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஆகவே, கட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மாத்திரை எழுதிக் கொடுத்தவரின் நிலையும், ஸ்கேன் படத்தில் நிழலாகத் தெரிந்த ஒன்றைத் தீங்கற்றது என்று கருதிய கதிரியக்க மருத்துவரின் நிலையும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. 1957-ஆம் ஆண்டின் ஆங்கிலேயத் தீர்ப்பு ஒன்றிலிருந்து வந்து, 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த அளவுகோல், அதே துறையில் சராசரித் திறமையுள்ள ஒருவர் அந்த நேரத்தில் அப்படி நடந்துகொண்டிருக்கலாமா என்று கேட்கிறது. படத்தைப் படிப்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு என்பதால், நோய் தெரிந்த பிறகு பழைய படத்தைப் பார்த்து ‘அப்போதே இருந்ததே’ என்று சொல்வது மட்டும் போதாது. இதற்கு நேர்மாறாக, திசுப் பரிசோதனை அறிக்கையில் புற்றுநோய் என்று எழுதியிருந்தும் அதை நோயாளிக்குச் சொல்லாமல் கோப்பில் வைத்திருந்த வழக்கில் மருத்துவக் கருத்து வேறுபாடு என்று சொல்லித் தப்ப எந்த வழியும் இல்லை. இவ்வகையில் இதைவிட வலுவான வழக்கு கிடையாது.

ஸ்கேன் அறிக்கையில் ‘பைராட்ஸ்’ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, 6 மாதத்தில் மீண்டும் பார்க்க வேண்டும் என்று பொருள். 4 அல்லது 5 என்றால் திசு எடுத்தாக வேண்டும். அறிக்கை 4 என்று சொல்லியும் மருத்துவர் திசுப் பரிசோதனைக்கு அனுப்பவில்லையா, 3 என்று போட்டும் மறுபரிசோதனைத் தேதியைச் சொல்லாமல் விட்டார்களா, தேதி சொல்லியும் நோயாளி போகவில்லையா என்பதைப் பொறுத்து வழக்கு எழும் அல்லது விழும். கடைசியாகச் சொன்னது நடந்திருந்தால் எதிர்த் தரப்பு அதைத்தான் முதலில் எடுத்து வைக்கும் என்பதை வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது, பாதிப்பு. 1999-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, அறிகுறி தோன்றியதிலிருந்து சிகிச்சை தொடங்க 3 மாதமோ அதற்கு மேலோ ஆன பெண்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு, அதற்குள் சிகிச்சை பெற்றவர்களைவிட 12 சதவீதம் குறைவாக இருந்ததைக் காட்டியது. ஆனால் இது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. மன்றம் கேட்பதோ இந்த ஒரு பெண்ணைப் பற்றி. நான்கு வாரத் தாமதத்தால் சிகிச்சைத் திட்டம் மாறவில்லையென்றால், மருத்துவர் தவறியிருந்தாலும் பெரிய இழப்பீடு கிடைப்பது கடினம். குணமாகும் வாய்ப்பு குறைந்துபோனது என்பதையே இழப்பாகக் கொள்ளலாமா என்ற கேள்வி இங்கிலாந்தில் 2005-ல் கிரெக் எதிர் ஸ்காட் வழக்கில் எழுந்தது. அக்குளுக்குக் கீழே இருந்த கட்டியைக் கொழுப்பு என்று மருத்துவர் சொல்லிவிட, நிணநீர்ப் புற்றுநோய் 9 மாதம் தாமதமாகத் தெரியவந்தது. குணமாகும் வாய்ப்பு 42 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று அந்த நோயாளி வாதிட்டார். தொடக்கத்திலேயே வாய்ப்பு பாதிக்கும் குறைவு என்பதால் தாமதமே காரணம் என்று சொல்ல முடியாது என மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அவர் தோற்றார். அத்தீர்ப்பு நம் மன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் எந்தத் திசையிலிருந்து வருவார் என்பதை அது காட்டிவிடுகிறது.

எனவே வாய்ப்புக் கணக்கை மட்டும் நம்பி மனுவை எழுதாமல், தாமதத்தால் கண்கூடாக மாறியவற்றை முன்வைப்பதே விவேகம். கட்டியை மட்டும் நீக்கியிருக்கலாம் என்ற நிலை போய் மார்பகத்தை முழுவதும் எடுக்க வேண்டிவந்ததா, அக்குள் நிணநீர்க் கணுக்களை நீக்கியதால் கை வீக்கம் நிரந்தரமாகிவிட்டதா, தேவைப்படாமல் போயிருக்கக்கூடிய கீமோதெரபி தேவைப்பட்டதா, எத்தனை மாத ஊதியம் போயிற்று? இவற்றைச் சிகிச்சை அளிக்கும் புற்றுநோய் மருத்துவர் தம் குறிப்பில் எழுதிக் கொடுக்க முடியும். இல்லத்தரசி என்பதால் வருமான இழப்பு இல்லை என்று யாரேனும் சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. வீட்டு வேலைக்குப் பண மதிப்பு உண்டு என்று விபத்து இழப்பீட்டு வழக்கான கீர்த்தி வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகவே கூறியிருக்கிறது.

அடுத்து காலக்கெடு. இதுதான் என்னை மிகவும் வருத்தும் பகுதி. நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு, உரிமையியல் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு, நோயாளி இறந்து அந்த மரணத்துக்காக வாரிசுகள் உரிமையியல் வழக்கிட்டால் இறந்த நாளிலிருந்து 2 ஆண்டு. அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு என்று முதல் ஓராண்டு சிகிச்சையிலேயே கரைந்துவிடும். முடி முளைத்து, உடல் தேறி, மனம் சற்று நிமிர்ந்து உட்காரும்போது பாதிக் காலம் போயிருக்கும். காலம் எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதை 2011-ல் ஸ்ரீகண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பாதிப்பு உடனே தெரியக்கூடியதென்றால் தவறு நடந்த நாளிலிருந்தும், மறைந்திருப்பதென்றால் நோயாளி நியாயமான கவனத்துடன் அதைக் கண்டறிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தும் கணக்கிட வேண்டும். அறுவை சிகிச்சையின்போது வயிற்றில் துணி விடப்பட்ட அந்த வழக்கில், 9 ஆண்டுகள் வலி இருந்தும் அறுவை செய்த மருத்துவரை அணுகவில்லை என்பதற்காகப் புகார் தள்ளுபடியானது. தாமதமாகக் கண்டறியப்பட்ட புற்றுநோயில், புற்றுநோய் என்று உறுதிசெய்த திசுப் பரிசோதனை அறிக்கையின் தேதியையே தொடக்கமாக வைத்து, அதிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிடுவதே பாதுகாப்பு. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு போடலாம். அதை நம்பி இருக்கக் கூடாது.

ஆவணங்களைத் திரட்டுவதற்கு மன்றம் எது என்று முடிவாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும். உள்நோயாளிக் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு மட்டுமே வைத்திருக்கக் கடமை உண்டு என்பதால் தாமதித்தால் அவை காணாமல் போகலாம். கடிதத்தை விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையாயின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். பலர் அறிக்கைத் தாளோடு நின்றுவிடுகிறார்கள். மேமோகிராமின் மூலப் படங்கள் அடங்கிய குறுந்தட்டையும், திசுப் பரிசோதனை செய்திருந்தால் அதன் ஸ்லைடுகளையும், எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் கேட்டு வாங்க வேண்டும். இன்னொரு நிபுணர் மறுபடியும் பார்த்துக் கருத்துச் சொல்ல அவைதான் தேவை.

இனி மன்றங்களுக்கு வருவோம். தனியார் மருத்துவமனையிலோ ஸ்கேன் மையத்திலோ பணம் கட்டிப் பார்த்தவர்களுக்கு, ஏறக்குறைய எல்லா நிலையிலும், மாவட்ட நுகர்வோர் ஆணையமே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பேன். 1995-ல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் சாந்தா வழக்கில் கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று முடிவானது. 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் அந்த நிலை தொடர்கிறது. எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை, கட்டிய கட்டணமே தீர்மானிக்கிறது. 50 லட்சம் வரை கட்டணம் செலுத்தியிருந்தால் மாவட்ட ஆணையம். மருத்துவரைப் பார்க்கவும் ஸ்கேன் எடுக்கவும் சில ஆயிரமே செலவாகியிருக்கும் என்பதால், இழப்பீடு பெருந்தொகையாகக் கோரினாலும் இவ்வகை வழக்குகள் மாவட்ட ஆணையத்திலேயே தொடங்கும். செலுத்திய கட்டணம் 5 லட்சத்துக்கு உட்பட்டதென்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. மருத்துவமனை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் தேனியிலோ தென்காசியிலோ புகார் கொடுக்கலாம். சிகிச்சையில் இருப்பவர் காணொலி வழியாக விசாரிக்கும்படி கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. இடையில் நோயாளி இறந்துவிட்டால் வாரிசுகள் தொடரலாம்.

நிபுணர் சாட்சியம் இங்கே ஓரளவு இலகுவானது. மலேரியாவாக இருந்ததை டைபாய்டு என்று நினைத்துச் சிகிச்சை அளித்ததால் மனைவியை இழந்த ஒருவரின் வழக்கில், எல்லா மருத்துவப் புகாருக்கும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் (கிஷன் ராவ் வழக்கு) கூறியது. தவறான நோயறிதல் பற்றிய தீர்ப்பு என்பதால் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. ஆயினும் மார்பகப் புற்றுநோய் வழக்கில் தாமதத்தின் விளைவை விளக்க ஒரு புற்றுநோய் மருத்துவரின் எழுத்துபூர்வக் கருத்து இல்லாமல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சக மருத்துவருக்கு எதிராக எழுதப் பலரும் தயங்குவார்கள். அப்போது அரசு மருத்துவக் கல்லூரி நிபுணர் குழுவுக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே கேட்கலாம். யாரைப் பிரதிவாதியாகச் சேர்ப்பது என்று குழம்பினால், தவறு செய்த மருத்துவரின் பெயர் தெரியாவிட்டாலும் மருத்துவமனையைச் சேர்த்தால் போதும் என்ற 2004-ஆம் ஆண்டின் சவிதா கார்க் தீர்ப்பு கைகொடுக்கும். ஆனால் ஸ்கேன் மையமும் ஆய்வகமும் வேறு வேறு உரிமையாளர்களுடையவை என்றால் எல்லோரையும் சேர்க்க வேண்டும். இல்லையேல் ஒவ்வொருவரும் வராதவர் மேல் பழியைப் போடுவார்கள்.

குறையும் உண்டு. சட்டம் 3 முதல் 5 மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. நடப்பில் ஆண்டுகள் ஆகும், அதன்பின் மாநில ஆணையம், தேசிய ஆணையம் என்று மேல்முறையீடு நீளும். 1998-ல் இறந்த மனைவிக்காக மருத்துவர் குணால் சாகா நடத்திய வழக்கில் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் இழப்பீடு முடிவானது 2013-ல். அவர் மனைவி அமெரிக்காவில் வாழ்ந்தவர் என்பது அந்தத் தொகையின் பின்னே இருக்கிறது. அதைக் காட்டி நம்பிக்கை ஊட்டும் ஆலோசகரிடம் எச்சரிக்கையாக இருங்கள். சமரசத்துக்கு அனுப்புவார்கள் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். கடும் உடற்பாதிப்போ மரணமோ விளைந்த மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளை நுகர்வோர் சமரச விதிகள் விலக்கி வைத்திருக்கின்றன.

அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்த்தவர்களுக்கு நிலைமை வேறு. எல்லோருக்கும் இலவசமாகச் சேவை தரும் மருத்துவமனையை சாந்தா தீர்ப்பு நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டது. ஏழைப் பெண்ணுக்கே எளிய வழி அடைபடுகிறது என்பது நீதியா என்று கேட்கத் தோன்றுகிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் தனியார் மருத்துவமனையில் பார்த்தவராயின், காப்பீட்டு நிறுவனம் செலுத்தும் பணமும் கட்டணமே என்று அதே தீர்ப்பை வைத்து வாதிடலாம். முற்றிலும் இலவசம் என்றால் மூன்று வழிகள். உயர் நீதிமன்றத்தில், தென் மாவட்டத்தினர் மதுரைக் கிளையில், ரிட் மனு (அரசுத் தரப்பின் தவறுக்கு எதிராக நேரடியாக உயர் நீதிமன்றத்தை அணுகும் மனு) போடலாம். அறிக்கையை மறைத்து வைத்தது போன்ற, மறுக்கவே முடியாத தவறாயின் இது விரைவானது. உண்மை நிலை விவாதத்துக்குரியதென்றால், சாட்சிகளை விசாரிக்க வேண்டும் என்று சொல்லி உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே கோரும் தொகைக்கு 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம், அதாவது 20 லட்சம் கேட்டால் 60,000 ரூபாய். குறுக்கு விசாரணை முழுமையாக நடக்கும் என்பதே அதன் பலம்.

மூன்றாவது, அதிகம் பேசப்படாத நிரந்தர மக்கள் நீதிமன்றம். மருத்துவமனைச் சேவை பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்திலேயே இருக்கிறது. மனுக் கட்டணம் இல்லை. முதலில் சமரசம் பேசுவார்கள், ஒத்துவராவிட்டால் அவர்களே தீர்ப்பளிக்கலாம். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. மனுக் கொடுத்த பிறகு அதே விஷயத்துக்காக வேறு நீதிமன்றமும் போக முடியாது. தொகை மிதமானது, ஆவணம் தெளிவானது, விரைவு முக்கியம் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். மருத்துவ விவாதம் சிக்கலானதாக இருக்குமானால் நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தால் ஒரு ரூபாய்கூட இழப்பீடு கிடைக்காது. எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ பெயரை நீக்கலாம். அடுத்த பெண்ணுக்கு இது நேரக் கூடாது என்பதே முதன்மையான எண்ணமாயின் இதுதான் பொருத்தமான இடம். ஸ்கேன் மையமாகிய நிறுவனத்தின் மீது கவுன்சிலுக்கு அதிகாரமில்லை, மருத்துவர்கள் மீது மட்டுமே உண்டு. மருத்துவருக்குப் பாதகமாக முடிவு வந்தால் அவர் தேசிய மருத்துவ ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று சொல்லும் சட்டம், நோயாளிக்கு அந்த உரிமையைத் தரவில்லை. இந்த ஓரவஞ்சனை திருத்தப்பட வேண்டும். நுகர்வோர் வழக்கோடு இதையும் சேர்த்தே நடத்தத் தடையில்லை. கவுன்சிலின் முடிவுக்காகக் காத்திருந்து 2 ஆண்டைத் தவறவிடக் கூடாது, அவ்வளவுதான்.

காவல் நிலையப் புகாருக்கு வருகிறேன். குற்ற வழக்கில் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் இருந்திருக்க வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு வரையறுத்தது. வழக்கைத் தொடர்வதற்கு முன் சுதந்திரமான, கூடுமானவரை அரசுப் பணியிலுள்ள மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும் என்றும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, மருத்துவச் செயல்முறையின்போது நேரும் மரணத்துக்கு மருத்துவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை என்கிறது. நோயாளி உயிரோடு இருந்தால் அந்தப் பிரிவே பொருந்தாது. கட்டியைத் தவறாக மதிப்பிட்ட ஒன்று அந்த உயரத்தை எட்டுவது அரிது. எட்டாமல் போலீஸ் புகாரை முடித்துவிட்டால், அந்த முடிப்பு அறிக்கையையே நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த் தரப்பு காட்டும். அறிக்கையைத் திருத்தி எழுதினார்கள், தகுதியில்லாத ஒருவர் மருத்துவராக நடித்தார் என்பது போன்ற நிலை என்றால் மட்டும் குற்றப் புகார் அவசியமாகிறது.

மருத்துவமனையே பேசித் தீர்க்க முன்வருவதும் உண்டு. சிகிச்சைச் செலவுக்கு உடனே பணம் தேவைப்படும் குடும்பத்துக்கு அது தள்ளிவிடக்கூடியதல்ல. ஆனால் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரியில் கையெழுத்திடும் முன், நோய் திரும்ப வந்தால் ஆகும் செலவும் அந்தத் தொகைக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதால் இதை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் நேரில் விண்ணப்பிக்கலாம், 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.